கண்ணுக்குத் தெரியாத காயம்

இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளியின் விரல் துண்டானால், அதை எல்லோரும் விபத்து என்பார்கள். அது நடந்த நாளும் நேரமும் தெரியும். கண்ணால் கண்டவர்கள் இருப்பார்கள். மருத்துவமனையில் பதிவும் இருக்கும். இழப்பீடு எவ்வளவு என்பதில் வழக்கு நடக்கலாம். காயம் பட்டதா என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால், ஆண்டுக்கணக்கில் ரப்பர் பசையின் ஆவியை முகர்ந்தபடி வேலை செய்தவரின் இரத்தம் மெல்ல மெல்லக் கெட்டுப்போனால், அது எந்த நாளில் நடந்த விபத்து? அதற்கு யார் சாட்சி? அவர் வேலையை விட்டு வீட்டில் படுத்துவிடுவார். அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். ஊரார் ஏதோ தீராத நோய் என்று பேசிக்கொள்வார்கள். கணக்கு அத்துடன் முடிந்துவிடும்.

அவ்வாறு முடிந்துபோன கணக்குகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எழுதி, அரசின் முன்பும் ஆலை உரிமையாளர்களின் முன்பும் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். தொழில்சார் நச்சியல் என்னும் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் இட்டவர் என்று மருத்துவ உலகம் அவரைப் போற்றுகிறது. ஈயம், பாதரசம், வெடிமருந்து எனப் பல தொழில்களை ஆராய்ந்த அவர், டயரும் ரப்பர் பொருள்களும் உருவாகும் ஆலைகளுக்குள்ளும் சென்று பார்த்தார். பழைய டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் ரீட்ரெடிங் பட்டறைகள் பெருகியிருக்கும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமானது.

1869-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்த ஆலிஸ், இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் வளர்ந்தார். வசதியான குடும்பம், வீட்டிலேயே கல்வி. கிரேக்கப் பண்பாடு பற்றிய நூல்களால் பின்னாளில் புகழ்பெற்ற எடித் ஹாமில்டன் அவருடைய மூத்த சகோதரி. தந்தையின் வணிகம் நொடித்துப்போனபோது, தம் காலில் தாமே நிற்க வேண்டும் என்பதைச் சகோதரிகள் உணர்ந்தனர். எந்த ஊருக்குச் சென்றாலும் பயன்படும் கல்வி என்று கருதி மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார் ஆலிஸ். 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் லைப்சிக், மியூனிக் நகரங்களில் நுண்ணுயிரியலும் நோயியலும் பயின்றார். அங்கே மாணவர்களின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒரு பெண்ணை வகுப்பறையில் அனுமதித்தார்கள்.

1897-இல் சிகாகோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயியல் பேராசிரியராகச் சேர்ந்தார். தங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்புக்கு நடுவே ஜேன் ஆடம்ஸ் நிறுவியிருந்த ஹல் ஹவுஸ் என்னும் சமூகப் பணி இல்லம் அது. இத்தாலி, போலந்து, ரஷியா எனப் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அந்தப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஆலிஸ் அங்கே குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம் நடத்தினார். குழந்தைகளை அழைத்துவந்த தாய்மார்கள் தங்கள் கணவர்களைப் பற்றியும் பேசினார்கள். மணிக்கட்டு தொங்கிப்போன சாயத் தொழிலாளி, வயிற்றுவலியில் துடிக்கும் ஈய ஆலைத் தொழிலாளி, நாற்பது வயதிலேயே முதுமை எய்திய உருக்காலைத் தொழிலாளி என அந்தப் பட்டியல் நீண்டது.

இந்த நோய்களைப் பற்றிப் படிக்க விரும்பி நூலகத்துக்குச் சென்றவருக்கு வியப்பு காத்திருந்தது. இங்கிலாந்து, ஜெர்மனி நாடுகளைப் பற்றிய நூல்கள் இருந்தன; அமெரிக்காவைப் பற்றி அநேகமாக எதுவும் இல்லை. அமெரிக்க ஆலைகள் தூய்மையானவை, அங்கே அத்தகைய நோய்கள் இல்லை என்பதே அன்றைய மருத்துவர்கள் பலருடைய நம்பிக்கை. எவரும் எண்ணிப் பார்க்காததை இல்லை என்று கூறுவது எளிது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஆலிஸ் முடிவு செய்தார்.

இலினாய் மாநில அரசு தொழில்சார் நோய்களை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. 1910-இல் அதன் ஆய்வுப் பணிக்கு ஆலிஸ் தலைமையேற்றார். அப்போது அவருக்கு வயது 41. எந்தெந்த ஆலைகளில் ஈயம் பயன்படுகிறது என்ற பட்டியல்கூட அரசிடம் இல்லை. ஆகவே, மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரர்கள், தேவாலயப் பாதிரியார்கள், தொழிற்சங்கத்தினர் என ஒவ்வொருவராக விசாரித்தார். தொழிலாளர்களை ஆலைக்குள் விசாரித்தால் உண்மை வெளிவராது என்பதால், அவர்களுடைய வீடுகளுக்கே சென்றார். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் வாய்திறக்க மறுத்தார்கள்; சிலர் பொய்ப் பெயர் கொடுத்திருந்தார்கள். மாடிப்படிகள் ஏறி இறங்கி, மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியையும் அவர் கண்டுபிடித்தார்.

நோய் உறுதி என்று எழுதுவதில் அவர் மிகுந்த கண்டிப்பு காட்டினார். ஐயத்துக்கு இடமுள்ள எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. எந்த ஆலை உரிமையாளரும் ஒரு பெயரைக்கூடத் தள்ளிவிட முடியாதபடி அறிக்கை இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். ஈயம் கலந்த 70-க்கும் மேற்பட்ட தொழில்முறைகளையும், ஈய நச்சுக்கு ஆளான 578 பேரையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. தொழிலாளர்கள் கை கழுவாமல் உணவு உண்பதால்தான் நோய் வருகிறது என்று உரிமையாளர்கள் கூறிவந்தார்கள். காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் மூச்சுவழியே உடலுக்குள் செல்வதுதான் முதன்மைக் காரணம் என்று ஆலிஸ் நிறுவினார். வேறுபாடு சிறியதன்று. கை கழுவாதது தொழிலாளியின் குற்றம். காற்றில் தூசி பறப்பது ஆலையின் குற்றம். பொறுப்பு யாருடையது என்பதை அந்த ஒரு முடிவு மாற்றி எழுதியது.

1911-இல் இலினாய் சட்டமன்றம் தொழில்சார் நோய்ச் சட்டத்தை இயற்றியது. நச்சுப் பொருள்களைக் கையாளும் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு ஏற்பாடுகள், கண்டறியப்பட்ட நோயை அரசுக்குத் தெரிவித்தல் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. ஆலிஸின் பணியைக் கண்ட மத்திய அரசின் தொழிலாளர் துறை, நாடு முழுவதும் அதே ஆய்வை நடத்துமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. மாத ஊதியம் கிடையாது. அறிக்கை முடிந்தபின் அதற்கொரு தொகை. ஆலைக்குள் நுழையச் சட்டப்படியான அதிகாரமும் கிடையாது. கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே செல்ல வேண்டும். அப்படியே சென்றார்.

அதிகாரம் இல்லாத நிலையில் அவர் நம்பியது உரிமையாளரின் மனசாட்சியையும் தம் கையிலிருந்த சான்றையும்தான். நேஷனல் லெட் என்னும் பெரிய ஈய நிறுவனத்தின் உயர் அதிகாரியான எட்வர்ட் கார்னிஷிடம், அவருடைய சிகாகோ ஆலையில் தொழிலாளர்கள் நஞ்சேறி நலிவதை எடுத்துக் கூறினார். அவர் அதை நம்ப மறுத்துச் சான்று கேட்டார். அந்த ஆலையைச் சேர்ந்த 22 பேரின் விவரங்களைத் திரட்டிக் கொண்டுவந்து வைத்தார் ஆலிஸ். கார்னிஷ் சொல் தவறவில்லை. தூசியை உறிஞ்சும் ஏற்பாடுகளும் தொழிலாளர்களைக் கவனிக்க மருத்துவர்களும் அந்நிறுவனத்தின் ஆலைகளுக்கு வந்தன. உரிமையாளர்கள் அனைவரும் கொடியவர்கள் அல்லர், பலருக்குத் தங்கள் ஆலையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது என்பதை அந்த அனுபவம் அவருக்கு உணர்த்தியது.

இதே காலத்தில்தான் அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்தன. 1884-இல் ஜெர்மனியும் 1897-இல் இங்கிலாந்தும் காட்டிய வழியை அமெரிக்க மாநிலங்கள் 1911 முதல் பின்பற்றத் தொடங்கின. அதற்கு முன்பு, காயமுற்ற தொழிலாளி நீதிமன்றம் சென்று உரிமையாளரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பாலானோரால் அது இயலவில்லை. புதிய சட்டத்தின்படி, யாருடைய தவறு என்ற கேள்வி எழாது. வேலையின்போது காயம் பட்டால் இழப்பீடு உண்டு. அந்தப் பொறுப்பைச் சுமக்க உரிமையாளர் காப்பீடு பெற வேண்டும். விபத்துகள் மிகுந்த ஆலைக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடும். பாதுகாப்பான ஆலைக்குக் குறையும். உயிரைக் காக்கச் செய்யும் செலவு லாபக் கணக்கிலும் நன்மை தரும் என்ற நிலையை இந்த ஏற்பாடு உருவாக்கியது.

ஆனால், இந்தச் சட்டங்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெரும்பாலான மாநிலங்களின் சட்டங்கள் விபத்தைப் பற்றி மட்டுமே பேசின. நோயைப் பற்றிப் பேசவில்லை. பற்சக்கரத்தில் கையை இழந்தவருக்குப் பணம் உண்டு. நச்சாவியில் நினைவை இழந்தவருக்கு எதுவும் இல்லை. இங்கிலாந்து 1906-இலேயே சில தொழில்சார் நோய்களைத் தன் இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்த்திருந்தது. அமெரிக்கா அதைச் செய்யத் தயங்கியது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டுமானால், எந்தத் தொழிலில் எந்த நஞ்சு எத்தகைய நோயைத் தருகிறது என்பது முதலில் எழுதப்பட வேண்டும். ஆலிஸின் ஒவ்வோர் அறிக்கையும் அந்தத் தேவையை நிறைவு செய்தது.

அத்தகைய அறிக்கைகளுள் ஒன்று, ரப்பர் தொழிலில் பயன்படும் நச்சுப் பொருள்களைப் பற்றி அவர் எழுதி 1915-இல் தொழிலாளர் புள்ளியியல் துறை வெளியிட்டது. மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. ஒஹையோ மாநிலத்தின் அக்ரான் நகரம் டயர் தொழிலின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்திருந்தார். அந்த வேலையை விரைவுபடுத்த ஈய ஆக்ஸைடு பொடியைக் கலந்தார்கள். 1906-இல் அக்ரானில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற வேதியியலாளர், அனிலின் என்ற திரவம் அதைவிட விரைவாகச் செயல்படுவதைக் கண்டறிந்தார். தொழிலுக்கு அது பெரும் முன்னேற்றம். ஆனால், அந்த அனிலின் தோல்வழியே உடலுக்குள் ஊடுருவி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குலைத்தது. அதைக் கையாண்டவர்களின் உதடுகள் நீலம் பாரித்தன.

ரப்பரைக் கரைத்துப் பசையாக்க நாப்தாவும் பென்சீனும் பயன்பட்டன. காற்றோட்டமற்ற அறைகளில் அந்தப் பசையைப் பூசியவர்களுக்குத் தலை சுற்றியது. மது அருந்தியவர்களைப்போல் காரணமின்றிச் சிரித்தார்கள், அழுதார்கள். சூடேற்றாமல் ரப்பரை உறுதிப்படுத்தக் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அது மூளையைத் தாக்கி, சித்தத்தைக் கலங்கச் செய்யும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் அகஸ்ட் டெல்பெக் 1850-களிலேயே எழுதியிருந்தார். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. ஈயப் பொடி கலக்கும் அறை முதல் பசை பூசும் மேசை வரை, எந்த இடத்தில் எந்த ஆபத்து என்பதை ஆலிஸ் முறைப்படி எழுதினார்.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகளை ஆராய்ந்தார். போர் முடிந்ததும் மிஞ்சிய பென்சீன் மலிவு விலையில் ரப்பர் தொழிலுக்குள் பெருமளவில் நுழைந்தது. எலும்பு மஜ்ஜையை அழித்து, இரத்தம் உருவாவதையே நிறுத்திவிடும் நஞ்சு அது. அமெரிக்கத் தொழில்களில் பென்சீனின் ஆபத்து பெருகிவருவதை 1922-இல் மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார். பென்சீன் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைத் தன் மருத்துவப் பள்ளியில் தொழில் மருத்துவத்துக்கான உதவிப் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் அவர். அந்தத் துறையில் அவருக்கு நிகராக வேறொருவர் இல்லாததால்தான் அந்தக் கதவு திறந்தது. திறந்த கதவிலும் தடைகள் இருந்தன. ஆசிரியர் மன்றத்துக்குள் அவர் வரக் கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கூடாது. 1935-இல் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பதவி உயர்வும் வழங்கப்படவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஆண்டில் பாதியைக் கற்பித்தலுக்கும் மீதியை ஆலைகளுக்கும் அளித்தார். 1925-இல் அவர் வெளியிட்ட தொழில் நச்சுகள் பற்றிய நூல், அமெரிக்காவில் அத்துறையின் முதல் பாடநூலாக அமைந்தது.

அதே ஆண்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது குறித்து அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை கூட்டிய மாநாட்டில் அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். முந்தைய ஆண்டு நியூஜெர்சி சுத்திகரிப்பு ஆலையொன்றில் அந்த ஈயச் சேர்மத்தால் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்திருந்தார்கள். ஆனாலும் அவருடைய குரல் எடுபடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல்தான் நின்றது. உலகிலிருந்து முற்றிலும் விடைபெற்றது 2021-இல்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1937, 1938-ஆம் ஆண்டுகளில், எழுபதை நெருங்கிய வயதில், பென்சில்வேனியா மாநிலத்தின் செயற்கைப் பட்டு ஆலைகளை ஆராய்ந்தார். ரப்பர் தொழிலில் அவர் கண்ட அதே கார்பன் டைசல்பைடு அங்கும் தொழிலாளர்களின் நரம்புகளைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆய்வின் விளைவாக, தொழில்சார் நோய்க்கு இழப்பீடு வழங்கும் முதல் சட்டம் அந்த மாநிலத்தில் உருவானது. விபத்துக்கு மட்டுமே திறந்திருந்த காப்பீட்டின் கதவு நோய்க்கும் திறந்தது.

1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், தமது 101-ஆவது வயதில் கனெக்டிகட் மாநிலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் மறைந்தார். மூன்று மாதங்களுக்குப் பின், டிசம்பர் 29-ஆம் நாள், அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. கதவைத் தட்டி அனுமதி கேட்டு அவர் நுழைந்த ஆலைகளுக்குள், அனுமதி கேளாமல் நுழையும் அதிகாரம் அரசு ஆய்வாளர்களுக்குக் கிடைக்க அந்தச் சட்டமே வழிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் 1980-இல், கனரக வாகனங்களின் சக்கரங்களில் காற்று நிரப்பும்போது டயர் வெடித்துத் தொழிலாளர்கள் இறப்பதைத் தடுக்கத் தனி விதி வந்தது. டயரைப் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்தே காற்று நிரப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த வரலாறு நமக்கும் நெருக்கமானது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களில் மட்டுமன்றி, நெடுஞ்சாலையோரம் எங்கும் ரீட்ரெடிங் பட்டறைகளைக் காணலாம். அங்கே மொட்டை டயரின் மேற்பரப்பைச் சுரண்டும்போது ரப்பர் தூசி பறக்கிறது. சொல்யூஷன் பூசும்போது அதன் ஆவி அறையெங்கும் பரவுகிறது. டயரை வேகவைக்கும் கலத்தில் வெப்பமும் அழுத்தமும் கூடுகின்றன. இறுதியில் காற்று நிரப்பிச் சோதிக்கும்போது டயர் வெடிக்கும் அபாயம் இருக்கிறது. கலத்தின் கதவு சரியாகப் பூட்டப்படாமல் தெறிப்பதும், காற்றடிக்கையில் டயர் வெடிப்பதும் உடனே தெரியும் ஆபத்துகள். தூசியும் ஆவியும் பல ஆண்டுகள் கழித்துத் தெரியும் ஆபத்துகள்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே தொழில்சார் நோயையும் பணியில் பட்ட காயமாகக் கருதியது. ஈயம், பென்சீன், கார்பன் டைசல்பைடு ஆகியவற்றால் வரும் நோய்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. அத்தகைய வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அந்நோய் வந்தால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால், பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் பட்டறைகள் பொதுவாக இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றில் ஒரு தொழிலாளி காயமுற்றாலோ நோயுற்றாலோ இழப்பீட்டுச் சுமை நேரடியாக உரிமையாளரின் தலையில்தான் விழும். ஒரே விபத்தில் பட்டறையையே இழக்க நேரிடலாம். காப்பீடு என்பது தொழிலாளியைப் போலவே சிறு உரிமையாளருக்கும் கவசம்.

ஆகவே, காப்பீட்டு ஒப்பந்தம் பெறும்போது விபத்தோடு தொழில்சார் நோயும் அதில் அடங்குகிறதா என்று உரிமையாளர்கள் கேட்டறிய வேண்டும். யார் எந்த வேலையில் எவ்வளவு காலம் இருந்தார் என்ற பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். தூசியை உறிஞ்சும் கருவி, ஆவி வெளியேறும் காற்றோட்டம், கலத்துக்கு உரிய காலத்தில் ஆய்வு, காற்று நிரப்பக் கூண்டு, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பல பட்டறைகள் ஒரே ஊரில் இருக்கும் இடங்களில் சங்கத்தின் வழியாகக் கூட்டாகவே இவற்றைச் செய்யலாம். தொழிலாளர் துறையும் தொழிற்சாலை ஆய்வுத் துறையும் தண்டிக்கும் நோக்கை விடுத்து வழிகாட்டும் நோக்கோடு இப்பட்டறைகளை அணுகுவது நல்லது. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதும் பழக்கம் நம் மருத்துவர்களுக்கும் வர வேண்டும்.

ஆலிஸ் ஹாமில்டனிடம் அதிகாரம் இல்லை, படை இல்லை, பதவி உயர்வுகூட இல்லை. ஒரு குறிப்பேடும், வீடு வீடாகச் செல்லும் பொறுமையும், ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதும் நேர்மையும் இருந்தன. எழுதப்பட்ட நோய்க்குத்தான் இழப்பீடு கிடைக்கும்; இழப்பீடு தர வேண்டியிருக்கும் நோயைத்தான் தொழில் தடுக்க முனையும். அவருடைய வாழ்க்கை மெய்ப்பித்த இந்த உண்மையை, நம் ஊர்ப் பட்டறைகளின் பதிவேட்டில் முதல் வரி எழுதுவதிலிருந்து நாம் செயலாக்கத் தொடங்கலாம்.